மச்சினன் உட்கார்ந்த ரிக்கார்டு

சவுண்ட் சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், போன மாதம் தானே வேன் ஓட்டிக்கொண்டு வந்து சங்கத்தில் பெயர் எழுதிய தங்கைக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிக்கார்டு காலம் பொற்காலம் என்று யாராவது உங்களிடம் கண் கலங்கினால் நம்பாதீர்கள். அவர் ரிக்கார்டுப் பெட்டியைத் தூக்கியதே இல்லை என்று அர்த்தம். நான் தூக்கியிருக்கிறேன். என் இடது தோள் இன்றைக்கும் வலதைவிட ஒரு விரற்கடை இறங்கித்தான் இருக்கிறது. உங்கள் பென்டிரைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "அண்ணே, ஒரே பாட்டுதான். ஒரு ஃபைலு கணீர்னு இருக்கு, இன்னொண்ணு தொண்டை கட்டுன மாதிரி இருக்கே, ஏன்?" எங்கள் காலத்திலும் இதே கேள்வி உண்டு. ஒரே பாட்டு, ஒரே பாடகி, ஒரே கம்பெனி. இரண்டு தட்டு வாங்கினால் இரண்டும் வேறு வேறு மாதிரிப் பாடும். நான் பல வருடம் ஆம்ப்ளிஃபையரைத் திட்டினேன். பிறகு முள்ளைத் திட்டினேன். கரண்ட் ஆபீஸைக்கூடத் திட்டியிருக்கிறேன்.

கடைசியில் பதில் சொன்னவர் பழநி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மடியில் ஒரு பழைய தட்டை வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பாலசமுத்திரம் பக்கம் தென்னந்தோப்பு. அதற்கு முன் வெளி மாநிலத்தில் ஒரு ரிக்கார்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம்.

"ஏனுங்க, அந்தத் தட்டை இப்படிக் குடுங்க பாக்கலாம்" என்று வாங்கினார். யார் பாட்டு என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆசாரி பலகையைப் பார்ப்பதுபோல விளிம்பை மட்டும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இது அச்சு புதுசா இருக்கையில எடுத்த தட்டுங்க. பத்திரமா வெச்சுக்கோங்க. அச்சு தேயத் தேயப் பாட்டும் தேய்ஞ்சு போகுமுங்க. பொறகு சரக்கு ஒண்ணு இருக்குதுங்க. புதுச் சரக்குல போட்டா சுத்தமாப் பாடும். பழைய தட்டையெல்லாம் ஒடைச்சு, நடுவுல ஒட்டுன காயிதத்தோட அரைச்சுப் போட்டா எண்ணெயில வடை போட்டாப்ல சத்தம் வருமுங்க."

"அப்ப நல்லா அமுக்கிப் போட்டா நல்ல தட்டா?" என்று கேட்டேன்.

"அமுக்கறது பெருசில்லீங்க. சூடு வெச்சு அமுக்குனதுக்குப் பொறகு ஆற விடோணும். மேஸ்திரி எண்ணிக்கை கேட்டுக் கத்துவாரு. நாங்க ஆறதுக்கு முன்னாடியே தொறந்துபோடுவோம். அப்பத் தட்டு நல்லாத்தான் இருக்கும். வாங்குனவர் வீட்டுக்குப் போய்த்தான் கோணிக்குமுங்க. ஆறுற வரைக்கும் அமுக்குன கைய எடுக்காம இருக்கோணும் பாருங்க, அது ஒருத்தனுக்கும் வராது."

ஒட்டன்சத்திரத்தில் இறங்கிப் போய்விட்டார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்னதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று தெரிந்தால் தென்னந்தோப்பிலிருந்து இறங்கி வந்து என்னை அடித்திருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்தையன்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பாதி வீடுகள் கிறிஸ்தவ வீடுகள், மல்லிகைத் தோட்டமும் காய்கறியும். மே மாதம் மாதா கோயில் திருவிழா. அந்தத் திருவிழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ரேடியோ செட்டுக்காரர்களை அழைப்பார்கள். கோயிலுக்கு வலப்பக்கம் ஒருவர் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், இடப்பக்கம் ஒருவர் கட்டுவார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டி. இருவரும் ஒரே மாதா பாட்டை, ஒருவர் முடித்த பிறகு மற்றவர், முழுசாகப் போட வேண்டும். கேசட் ஆகாது, ரிக்கார்டு மட்டும்தான். ஊர் உபதேசியார், அதாவது கோயிலில் செபம் சொல்லிக் கொடுப்பவர், ஒரு மைல் தள்ளிக் கண்மாய்க் கரையில் போய் நின்று கேட்பார். முதல் செட் நன்றாக இருந்தால் வெள்ளைத் துண்டைத் தூக்குவார், இரண்டாவது நன்றாக இருந்தால் காவித் துண்டை. ஜெயித்தவர் இரவு தேருக்குப் பாட்டுப் போடுவார். தோற்றவர் தன் குழாய்களைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். கொடி இறக்கும்வரை அப்படியே தொங்கும். ஊரே போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

நான் இரண்டு வருடம் தொடர்ந்து கவிழ்த்தேன். என்னிடமிருந்த மாதா பாட்டுத் தட்டு தேய்ந்த அச்சில் வந்தது. எதிர்ச் செட் நத்தத்துக்காரர் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் நல்ல தட்டு வைத்திருந்தார். மூன்றாம் வருடம், அதாவது தொண்ணூறுகளின் நடுவில், அதே பாட்டின் ஆரம்பத் தட்டு ஒன்று திண்டுக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்தது. கனமான தட்டு. வீட்டில் போட்டுப் பார்த்தேன். பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அன்றிரவு என் மனைவியிடம் மூன்று தடவை மூச்சுச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். நான்காவது தடவை அவள் மூச்சுச் சத்தம் பலமாகக் கேட்டது.

அந்த வருடம் திருவிழாவுக்கு இன்னொரு காரியமும் இருந்தது. என் மனைவியின் தம்பி சூசை. வயது முப்பத்து நான்கு. வாழைக்காய் மண்டியில் சிறுமலைத் தார்களை இறக்கி ஏற்றுகிற வேலை. எடை நூறு கிலோவுக்கு மேலே, எவ்வளவு மேலே என்று மண்டித் தராசுக்குத்தான் தெரியும். தங்கமான மனுஷன். ஆனால் ஐந்து வரன் அவன் எடையைப் பார்த்துத் தட்டிப் போயிருந்தது. ஆறாவது வரன் அந்த ஊர் உபதேசியாரின் மகள் ஜெசிந்தா. நூற்பாலையில் வேலை பார்க்கிற பெண். போட்டோ பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார்கள். உபதேசியார் மாப்பிள்ளையைத் திருவிழாவில் நேரில் பார்த்துவிட்டு வாக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. போட்டிக்கு நடுவரும் அவர்தான், சூசைக்கு மாமனாராக வர வேண்டியவரும் அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

காலையில் சித்தையன்கோட்டையில் டீ குடிக்க வேனை நிறுத்தினேன். டீ மாஸ்டரிடம் தட்டின் கனத்தைக் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. உறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் "ம்" என்றார். "ம்" போதாது என்று எனக்குத் தோன்றியது. தட்டை வேன் பானட்டின்மேல் வைத்துவிட்டு அச்சு, சரக்கு, காகிதம் என்று பஸ்ஸில் கேட்டதையெல்லாம் கை கால் ஆட்டி விளக்கினேன். முக்கால் மணி நேரம். மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு. திரும்பிப் பார்த்தபோது மாதா பாட்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கனமான தட்டுதாண்ணே. வளையறதுக்கே முக்கா மணி நேரம் ஆகியிருக்கு."

ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சூசை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றான். நத்தத்துக்காரர் குழாய் கட்டி முடித்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். அங்கே சமையல் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெயிலில், பாலிஷ் போட்ட கருங்கல் பலகைகள் இரண்டு கிடந்தன. பீடத்துப் படிக்கு வாங்கி மிச்சமானவை. கை வைத்தேன், சுட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது ஞாபகம் வந்தது. சூடு, பாரம், ஆறவிடுவது. தொழிற்சாலை செய்ததை நான் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியது. தம்பிகளா, உங்களுக்கு இப்படித் தோன்றினால் உடனே யாரையாவது கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

பதினொன்றரை மணிவரை கற்களை வெயிலில் காய விட்டேன். பிறகு சூசையை விட்டு வேப்ப மரத்து நிழலுக்கு இழுத்துவரச் சொல்லி, ஒரு கல்லின்மேல் தட்டை வைத்து, மேலே இன்னொரு கல்லை வைத்தேன். மேல் கல் தட்டின் வளைவில் தொட்டில் மாதிரி ஆடியது. பாரம் போதவில்லை. அரிசி மூட்டையைக் கேட்டால் சமையல்காரர் கரண்டியைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தேன். பாரமாக வேறு எதுவும் தென்படவில்லை, சூசையைத் தவிர.

"மாப்ள, செத்த நேரம் இதுமேல உக்காரு."

சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். உட்கார்ந்தான். கல் ஆடுவது நின்றது. தட்டு மெல்ல இணங்கி இறங்குவது என் உள்ளங்கையிலேயே தெரிந்த மாதிரி இருந்தது.

"மாமா, சுடுது."

"சுடணும் மாப்ள. அப்பத்தான் வேல நடக்கும்."

"எம்புட்டு நேரம்?"

"ஆறுற வரைக்கும். நடுவுல எந்திரிச்சின்னா மறுபடியும் கோணிக்கும். என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது."

"சரி மாமா" என்றான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்பதை நான் அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

அவன் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று, கோயில் மணி அடித்தது. கிறிஸ்தவ ஊர்களில் தொழில் செய்தவர்களுக்குத் தெரியும், மத்தியானம் மணி அடித்தால் மூவேளைச் செபம். எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து நிற்பார்கள். சமையல்காரர் கரண்டியோடு நின்றார். காய் நறுக்கிய பெண்கள் அரிவாள்மணையை விட்டு எழுந்தார்கள். பீடியைப் போட்டுவிட்டு நத்தத்துக்காரரும் நின்றார். செபத்தைத் தொடங்கியது உபதேசியார். அவர் கண் ஊரைச் சுற்றி வந்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு மனிதன்மேல் நின்றது. அந்த மனிதனின் போட்டோ அவர் சட்டைப் பையில் இருந்தது.

சூசை என்னைப் பார்த்தான். எழுந்திருக்கட்டுமா என்று அவன் முகம் முழுக்கக் கேட்டது. இடுப்பு அரை அங்குலம் தூக்கியும் விட்டான். நான் ஒரு நொடி யோசித்தேன். தட்டா, மச்சினன் கல்யாணமா? இந்தக் கேள்விக்கு எந்த மனிதனும் ஒரு பதில்தான் சொல்வான். நான் உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்காரு என்று சைகை செய்தேன்.

உட்கார்ந்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பி, உட்கார்ந்தபடியே செபம் சொன்னான்.

செபம் முடிந்ததும் உபதேசியார் நேராக என்னிடம் வந்தார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும்.

"தம்பி, மணியடிச்சா எந்திரிக்கிற பழக்கம் ஒங்க மச்சினனுக்குக் கெடையாதோ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தடியில் நத்தத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்பவரோ நடுவர். என் தட்டு அப்பளம் ஆகிவிட்டது என்று இருவர் காதிலும் போட எனக்கு வாய் வரவில்லை.

"அப்படியெல்லாம் இல்லங்கய்யா. முட்டி... முட்டி பிடிச்சுக்கிருச்சு. எந்திரிக்க முடியல."

"முட்டியா? எத்தன நாளா?"

"இன்னைக்குத்தான்... அப்பப்ப வரும்."

'அப்பப்ப வரும்' என்று எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உபதேசியார் சட்டைப் பையிலிருந்த போட்டோவை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குச் சொன்ன பொய்க்கு ஒரு மணிக்குள் கால் முளைத்துவிட்டது. ஒரு முட்டி இரண்டு முட்டி ஆனது. இரண்டு மணிக்குப் பிறவியிலேயே அப்படித்தான் என்றார்கள். திண்டுக்கல்லிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "காலக் குடுங்க, ஒரே இழுப்பு" என்று சூசையின் வலது காலைப் பிடித்து இழுத்தார். சூசை கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து அமுக்கினேன். வைத்தியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மச்சினன். கடைசியில் வைத்தியர் கை வழுக்கி எண்ணெயோடு பின்னால் போய் விழுந்தார். "ரொம்ப முத்திருச்சு" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் நிறுத்தத்திலேயே செய்தி கிடைத்துவிட்டது.

"ஏங்க, என் தம்பிக்குக் காலு விழுந்துருச்சாமே! காலையில நல்லாத்தான வந்தான்!"

ஓரமாகக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்தினாள். அழுதுகொண்டிருந்தபோதே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

"ஆறாவது வரனுங்க" என்றாள். நான் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கப் போவதுபோல நகர்ந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது. எழுந்து பந்திக்கு வர முடியாதவன் என்பதால் கறிச்சோற்றைச் சூசைக்கு இலையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். கொண்டுபோனது ஜெசிந்தா. சோறு, குழம்பு, வெஞ்சனம் எல்லாம் வைத்துவிட்டுக் குனிந்தவள், கல்லுக்கு நடுவே பார்த்திருக்கிறாள்.

"கல்லுக்கு நடுவுல என்ன கறுப்பா தெரியுது?"

"ரிக்கார்டு" என்றிருக்கிறான் சூசை. அவனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வந்ததோடு சரி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு போய், மறுசோறு கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தூரத்திலிருந்து நான் பார்த்தது அவன் இரண்டாம் தடவை சாப்பிடுவதைத்தான். சாப்பிடட்டும், பாரம் கூடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பாவி நான்.

நாலரை மணிக்குக் கல் ஆறிவிட்டது. ஒன்றரை மணிக்கே ஆறியிருக்கும், ஆனால் பயம். உபதேசியார் கண்மாய்க் கரைக்குக் கிளம்பிப் போன பிறகு, "எந்திரி மாப்ள" என்றேன்.

எழவில்லை. எழ முயன்றான், முடியவில்லை. ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்துப்போய், தொட்டால்கூடத் தெரியவில்லை. நான் சொன்ன பொய் அப்படியே பலித்து எதிரில் உட்கார்ந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிக் கோயில் சுவரோரம் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். ஊரே பார்த்தது. பிறவி முடம் என்று சொன்னவர்கள் பெருமையோடு தலையாட்டினார்கள்.

நான் மேல் கல்லைத் தூக்கினேன். தட்டு கண்ணாடி மாதிரிப் படிந்து கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு மச்சினன் ஞாபகமே இல்லை.

ஐந்து மணி. முதலில் நத்தத்துக்காரர். அவர் தட்டும் இந்த ஒரு வருடத்தில் நிறைய உழைத்துவிட்டது. பாட்டோடு வடையும் வெந்தது. அடுத்து நான். முள்ளை வைத்தேன். முதலில் அந்த மூச்சு. பிறகு பாட்டு. கருவேல மரங்களைத் தாண்டி, மல்லிகைத் தோட்டத்தைத் தாண்டி அந்தக் குரல் போவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்வேன். கூட்டம் அசையாமல் நின்றது. நத்தத்துக்காரர் தன் குழாய்க் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்துவிட்டார்.

இரண்டாவது சரணம் தொடங்கியபோது சூசைக்கு ரத்தம் ஓடத் தொடங்கியது. கால் குறுகுறுவென்று ஏறியிருக்கிறது. அவன் நாற்காலியைப் பிடித்து எழுந்தான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. குறுகுறுப்பில் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, கைகளை விரித்து, மாதா சொரூபத்துக்கு நேராக நடந்து வந்தான்.

"நடக்குறான்! நடக்குறான்!" என்று ஒரு குரல். அப்புறம் ஐம்பது குரல். மாதாவே என்று பெண்கள் முழங்கால் போட்டார்கள். ஒருவர் ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார். எண்ணெய் வைத்தியர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். சூசை நடுவில் நின்று என்னைப் பார்த்தான். என்ன செய்யணும் மாமா என்கிற அதே முகம்.

பங்குச் சாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்கதான் இவருக்குச் சொந்தம். காலையிலேருந்து நடக்க முடியலன்னு உபதேசியார்கிட்டச் சொன்னதும் நீங்கதானாம். நடந்தத மைக்குல ஊருக்குச் சொல்லுங்க" என்றார்.

மைக் என் கையில் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். போட்டி என் கையில், கல்யாணமும் நடந்துவிடும், மாதா குணமாக்கிய மாப்பிள்ளையை எந்த உபதேசியார் வேண்டாம் என்பார்? எனக்கு ஆசை வந்தது. வராமல் இருந்திருந்தால் இதை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அப்போது வேப்ப மரத்தடியைப் பார்த்தேன். பூப்பறிக்கிற ஒரு அம்மா. முட்டி வீங்கி, கம்பு ஊன்றித்தான் தோட்டத்துக்குப் போவார், காலையிலேயே பார்த்திருந்தேன். இரண்டு பேர் கையைப் பிடிக்க, அவர் சூசை உட்கார்ந்திருந்த கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தார். பீடத்துக் கல் அல்லவா? கம்பைத் தூரப் போடச் சொன்னார். போட்டுவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பினார்.

முள்ளைத் தூக்கினேன். பாட்டு பாதியில் நின்றது. பாதியில் நிறுத்தினால் தோல்வி, அது விதி.

"ஊர்ப் பெரியவங்க மன்னிக்கணும்" என்றேன். என் குரல் ஒரு மைலுக்குப் போவது எனக்கே கேட்டது. "அவனுக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. என் ரிக்கார்டு வளைஞ்சு போச்சு. அத நிமித்த அவன அந்தக் கல்லுமேல உக்கார வச்சேன். எந்திரிக்காதன்னு சொன்னேன். அதனாலதான் செபத்துக்கும் எந்திரிக்கல. முட்டின்னு சொன்னது நான் சொன்ன பொய்யி. இப்ப கால் மரத்துப்போயி, சரியாகி நடக்குறான். மாதா மேல சத்தியம். அந்தம்மா கம்ப எடுத்துக் குடுங்க."

அவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்படி ஒரு அமைதியை நான் எந்த ரிக்கார்டு போட்டும் உண்டாக்கியதில்லை. அந்த அமைதியில் கல்லின்மேலிருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது:

"இருக்கட்டும்ப்பா. அந்தப் பிள்ள உக்காந்த சூடு கல்லுல இன்னும் இருக்கு. முட்டிக்கு எதமா இருக்கு. செத்த நேரம் கழிச்சு எந்திரிச்சு வாரேன்."

முதலில் சாமியார்தான் சிரித்தார். பிறகு ஊர் சிரித்தது. நான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் மூங்கிலில் ஏணியைச் சாத்தி ஏறி, என் குழாய்களை ஒவ்வொன்றாகத் தரையைப் பார்த்துக் கவிழ்த்தேன். கீழே நத்தத்துக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்த நல்ல மனசை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

உபதேசியார் கண்மாயிலிருந்து நடந்து வர இருபது நிமிடம் ஆனது. என் வாழ்க்கையிலேயே நீளமான இருபது நிமிடம். வந்தவர் என்னிடம் நின்றார்.

"பாட்டு ரெண்டு சரணம் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க பேசுனது அதவிடத் தெளிவாக் கேட்டுச்சு. ஒரு எழுத்து விடல" என்றார். வெள்ளைத் துண்டை நத்தத்துக்காரர் கையில் கொடுத்தார். பிறகு சூசைக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உக்காருங்க."

சூசை உட்கார்ந்தான்.

"எந்திரிங்க."

எழுந்தான். உபதேசியார் திரும்பவும் உட்காரச் சொன்னார். இப்படி ஊர் முன்னால் இருபது தடவை. நூறு கிலோவுக்கு மேலே உள்ள ஒரு மனிதன், மறுசோறு சாப்பிட்ட வயிற்றோடு, வேர்த்து விறுவிறுத்து எழுந்து எழுந்து உட்கார்ந்தான். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. பதினாறோ பதினேழோ ஆனபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். ஜெசிந்தா.

"விடுங்கப்பா, எனக்கு மத்தியானமே தெரியும்" என்றாள். "சோறு வைக்கப் போனப்பவே ரிக்கார்டுன்னு அவரே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எம்புட்டு நேரந்தான் உக்காந்திருக்காருன்னு பாப்போம்னு இருந்தேன்."

உபதேசியார் மகளைப் பார்த்தார், சூசையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த போட்டோவை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார். என் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. "இது எதுக்கு இனிமே, ஆளையே பாத்தாச்சுல்ல. நாள் குறிச்சுட்டு வாங்க" என்றார். என் மனைவி அழுதாள். அன்றைக்கு எல்லோருக்கும் காபி கொடுத்தாள், எனக்கு மட்டும் இல்லை.

தம்பிகளே, தங்கையே, நான் சொல்ல வந்தது இதுதான். பாட்டு எந்த ஃபைலில் நன்றாக இருக்கிறது என்று நின்று கேட்டு எடுங்கள், எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். நல்லதாக ஒன்று கிடைத்தால் டீக்கடையில் பெருமை அடிக்காதீர்கள். அவசரத்தில் எதையும் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். நிமிர்த்தத்தான் வேண்டும் என்றால், எதன்மேல் யாரை உட்கார வைக்கிறீர்கள் என்று பாருங்கள். மைக் கையில் இருக்கும்போது பொய் சொல்லாதீர்கள். நம் தொழிலில் பொய் ஒரு மைல் போகும்.

கல்யாணம் தை மாதம் அதே கோயிலில் நடந்தது. ரேடியோ செட் நத்தத்துக்காரருடையது, மொய்யாகப் போட்டார். பூசை முடிந்து, பந்தலில் மாலையும் கழுத்துமாகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு ஆயிற்று. கோயில் மணி அடித்தது. பந்தல் முழுக்க எழுந்தது, ஜெசிந்தா எழுந்தாள், செபம் சொல்ல உபதேசியார் வாயைத் திறந்தார். சூசை மட்டும் எழவில்லை. உட்கார்ந்தபடியே கூட்டத்துக்குள் யாரையோ தேடினான்.

என்னைத்தான். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எழுந்திரு என்று காட்டினேன். அதற்குப் பிறகுதான் எழுந்தான்.